கரும்புத் தோட்டத்தின் மகிழ்ச்சிக் கணக்கு: ‘அன்னோ 1800’ விளையாட்டை முன்வைத்து

காலனிய உத்தி விளையாட்டுகள் நாடு பிடிப்பதைப் பெருமையாகக் காட்டுகின்றன என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. அதில் பிழையில்லை, ஆனால் அது பாதி உண்மைதான். இவ்வகைக் கணினி விளையாட்டுகள் பலவற்றில் ஆடுபவரின் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொள்வது போரைவிட நிர்வாகமே. தீவைப் பிடித்த பிறகு அங்கே வாழ்வோருக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதே அவரது அன்றாடக் கவலை. அந்தக் கவலையை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும் கருவிதான் ‘குடிமக்களின் மகிழ்ச்சி’. கல்லூரி விடுதிகளில் விடிய விடிய இவற்றை ஆடும் மாணவர்கள் இந்த எண்ணை நன்கு அறிவார்கள். அது யாரை எண்ணுகிறது, யாரை எண்ணாமல் விடுகிறது, அதனால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது ‘அன்னோ 1800’. ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழு ஒன்று உருவாக்க, யூபிசாஃப்ட் நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட விளையாட்டு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சிக் காலமே களம். ‘பழைய உலகம்’ என்ற பகுதியில் ஐரோப்பியச் சாயல் கொண்ட தீவுகள். ‘புதிய உலகம்’ என்ற பகுதியில் தென்னமெரிக்க, கரீபியச் சாயல் கொண்ட தீவுகள். பழைய உலகின் மக்களுக்கு உழவர், தொழிலாளர், கைவினைஞர், பொறியாளர், முதலீட்டாளர் என ஐந்து படிகள். புதிய உலகின் மக்களுக்கோ, விளையாட்டு வெளிவந்தபோது, இரண்டே படிகள்: ஹோர்னலேரோ, ஒப்ரேரோ. ஸ்பானிய மொழியில் முன்னது நாட்கூலியைக் குறிக்கும். பின்னது தொழிலாளியைக் குறிக்கும். பழைய உலகம் மேலே ஏறுவதற்குப் புதிய உலகத்தின் விளைச்சல் இன்றியமையாதது. கைவினைஞர் கேட்கும் உரோம மேலங்கியைத் தைக்கப் புதிய உலகின் பருத்தித் துணி வேண்டும். அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருக்கப் புதிய உலகின் கரும்பிலிருந்து வடித்த ரம் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இவ்விளையாட்டில் மக்களின் தேவைகள் இரு பேரேடுகளில் எழுதப்படுகின்றன. ஒன்று அடிப்படைத் தேவை. மற்றது சொகுசுத் தேவை. உழவருக்கு மீனும் வேலை உடுப்பும் சந்தையும் அடிப்படை; உருளைக்கிழங்குச் சாராயமும் மதுக்கடையும் சொகுசு. ஹோர்னலேரோவுக்கு வறுத்த வாழைக்காயும் போன்ச்சோ போர்வையும் சந்தையும் அடிப்படை. ரம்மும் சிற்றாலயமும் சொகுசு. அடிப்படை நிறைவேறினால் வீடு ஆட்களால் நிரம்புகிறது. ஆட்கள் நிரம்பினால் தோட்டத்துக்கு உழைப்பு கிடைக்கிறது. சொகுசு நிறைவேறினால்தான் மகிழ்ச்சி ஏறுகிறது. ஆக, உழைப்பும் மகிழ்ச்சியும் வெவ்வேறு குழாய்களில் வரும் நீர். ஒருவரை மகிழ்விக்காமலே அவரது உழைப்பை முழுமையாகப் பெறலாம் என்பதை விளையாட்டின் விதியே ஒப்புக்கொள்கிறது. வடிவமைத்தவர்கள் இதைக் காலனியத்தின் மீதான விமரிசனமாகக் கருதினார்களோ இல்லையோ, காலனியப் பொருளாதாரத்தைப் பற்றிய நேர்மையான கூற்று இது.

இதனால் ஆட்டம் எப்படி மாறுகிறது? ஒரு ரம் பீப்பாயைப் பின்தொடர்ந்து செல்வோம். அதை வடித்த தீவிலேயே ஹோர்னலேரோக்கள் அதைக் கேட்கிறார்கள். கடலுக்கு அப்பால் கைவினைஞரும் அதையே கேட்கிறார்கள். கப்பல்கள் போதாத தொடக்கக் கட்டத்தில் ஆடுபவர் யாருக்குக் கொடுப்பார்? கைவினைஞர் வேலையை நிறுத்தினால் தையல் எந்திரமும் தகரத்தில் அடைத்த உணவும் நின்று, பெருநகரமே தடுமாறும். ஹோர்னலேரோ குடியிருப்பில் கலகம் எழுந்தால் ஒரு தோட்டம் சில நிமிடங்கள் நிற்கும். அருகில் ஒரு காவல் நிலையம் கட்டினால் அதுவும் அடங்கும். கணக்குத் தெளிவு. பீப்பாய் கப்பலேறுகிறது. எந்த ஒரு வகைப் பொருளையும் குறிப்பிட்ட தீவின் மக்களுக்கு வழங்காமல் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு என்பதால், கரும்பு வெட்டுபவருக்கு ரம் மறுக்கப்படுவது ஒரு சொடுக்கில் முடிகிறது. ஆடுபவர் கொடியவராக இருக்க வேண்டிய தேவையில்லை. கவனமுள்ள நிர்வாகியாக இருந்தாலே போதும்.

இதற்கு மேல் வேலைநிலையை மாற்றும் ஒரு நகர்த்தியும் உண்டு. ஒரு தோட்டத்தின் உற்பத்தியை இயல்பைவிட ஐம்பது விழுக்காடு வரை உயர்த்திவிடலாம். அதற்கேற்ப அங்கே உழைக்கும் படியினரின் மகிழ்ச்சி குறையும். குறைந்ததை ரம் கொடுத்து ஈடுகட்டலாம். அல்லது செய்தித்தாளைப் பயன்படுத்தலாம். விளையாட்டில் அவ்வப்போது ஒரு நாளிதழ் வெளிவரும். அது உங்கள் ஆட்சியின் குறைகளையும் எழுதும். செல்வாக்குப் புள்ளிகளைச் செலவழித்தால் பிடிக்காத செய்தியை எடுத்துவிட்டு, மகிழ்ச்சியைக் கூட்டும் ஒரு பரப்புரைச் செய்தியை அச்சிடலாம். வயலில் எதுவும் மாறாமலே எண் உயர்கிறது. வேலைச்சுமை கழித்தல், ரம் கூட்டல், பொய்ச் செய்தி கூட்டல். எல்லாம் ஒரே நிரலில் விழுந்து ஒரே கூட்டுத்தொகையாகின்றன. கரீபியத்தின் பிரித்தானியத் தோட்டங்களில் முதலாளிகள் அடிமைகளுக்கு ரம்மை அளந்து கொடுத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது.

மக்களின் படிகளைப் பற்றியும் ஒரு சொல். இவ்விளையாட்டில் உழவரின் வேலையைத் தொழிலாளர் செய்ய இயலாது. கைவினைஞர் எத்தனை பேர் மிகுந்திருந்தாலும் உழவர் குறைந்தால் உருளைக்கிழங்கு வயல் படுத்துவிடும். உழவர் வீட்டை மேம்படுத்தினால் அதிலுள்ளோர் தொழிலாளராகிவிடுவர். நமக்கு உழவர் குறைவர். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு பகுதியை வேண்டுமென்றே மேலே ஏறவிடாமல் வைத்திருக்கிறார்கள். வேலையைப் பிரிப்பதும் வேலை செய்வோரைப் பிரிப்பதும் வேறுவேறு என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் வாதிட்டதைப் படித்த மாணவர்கள் இந்த இடத்தில் சற்றே நின்று யோசிப்பார்கள். விளையாட்டு சாதியைப் பற்றியதன்று. பிறப்பு இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பம் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை அக்குடும்பம் தீர்மானிப்பதுமில்லை. புதிய உலகின் நாட்கூலி இரண்டாம் படியைத் தாண்டிப் பொறியாளராவதற்கு வழியே இருக்கவில்லை. 2022இல் வந்த கூடுதல் தொகுப்பு ஒன்றுதான் அங்கே மூன்றாவது படியாகக் கலைஞர்களைச் சேர்த்தது.

மகிழ்ச்சி அளவுகோல் என்பதே ஏமாற்று என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. உழைப்பவருக்கு வீடும் பசியும் சினமும் உண்டு என்று ஆடுபவரை நினைக்கவைப்பது அதுதான். அது இல்லாத விளையாட்டில் தோட்டம் என்பது பொருள் கக்கும் ஒரு கட்டடம் மட்டுமே. 1994இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட ‘காலனைசேஷன்’ விளையாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிட் மெய்யரின் பெயரைத் தாங்கி வந்த அவ்விளையாட்டில் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய ஐரோப்பியரின் மனநிலைக்குத்தான் அளவுகோல். நகர மன்றத்தில் ‘விடுதலை மணி’களை உற்பத்தி செய்தால், மன்னருக்கு எதிரான ‘விடுதலையின் மைந்தர்’ எண்ணிக்கை உயரும். பாதிப் பேர் அப்பக்கம் வந்தால் ஒவ்வொருவரின் உற்பத்தியும் கூடும்; எல்லோரும் வந்தால் இன்னும் கூடும். மன்னர் பக்கம் நிற்போர் அளவுக்கு மீறினால் உற்பத்தி குறையும். விடுதலையை அறிவிக்கவும் ஐம்பது விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். சிறு குற்றவாளி, ஒப்பந்தப் பணியாள், மதம் மாறிய தொல்குடியினர் என எல்லோரும் அக்குடியிருப்புகளில் உண்டு. கரும்பு, புகையிலை, பருத்தி மூன்றும் உண்டு. அவற்றை வரலாற்றில் விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகள் மட்டும் இல்லை. விடுதலை உணர்வை அளக்கும் ஒரு விளையாட்டு, விடுதலை எவருக்கு மிகத் தேவையாக இருந்ததோ அவர்களைக் களத்திலிருந்தே நீக்கிவிட்டுத்தான் அளக்கத் தொடங்கியது.

2005இல் வந்த ‘சிவிலைசேஷன் 4’ வேறு வழியில் சென்றது. அது காலனியத்தை மட்டும் பற்றியதன்று. ஆனால் அடிமைமுறையை ஒரு சட்டமாக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பை ஆடுபவருக்குத் தருகிறது. அதை ஏற்றால், நகரத்து மக்களில் சிலரைப் பலிகொடுத்துக் கட்டடத்தை உடனே முடிக்கலாம். ஆட்டக்காரர்கள் இதைச் ‘சாட்டை’ என்றே அழைக்கிறார்கள். தண்டனையாக அந்நகரில் ஒருவரின் அளவுக்கு அதிருப்தி சேரும், இயல்பான வேகத்தில் அது பத்துச் சுற்றுகள் நீடிக்கும், பிறகு மறைந்துவிடும். அதிருப்தியுற்றவர்கள் வேலை செய்யமாட்டார்கள், ஆனால் உணவு உண்பார்கள். ஆகவே அவர்களையே சாட்டைக்குப் பலியிடுவது சிறந்த உத்தி என்று ஆட்டக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். மகிழ்ச்சி குறைந்தால் அதைக் கூட்டத் தேவையில்லை. மகிழ்ச்சியற்றவர்களைக் குறைத்தால் போதும். அளவுகோல் ஒடுக்குமுறையைத் தடுக்கும் என்று நம்புவோர் இந்த எடுத்துக்காட்டை மறக்கலாகாது.

மீண்டும் ‘அன்னோ 1800’க்கு வருவோம். இங்கே சாட்டை இல்லை. உற்பத்தி முறையில் அடிமை என்ற வகையே இல்லை. கரும்பை வெட்டுபவர் வீட்டில் குடியிருந்து, சந்தைக்குச் சென்று, ரம் வாங்குபவர். ஆனால் அந்த நூற்றாண்டின் நாட்காட்டி வேறு. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி 1834இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் 1886. பிரேசிலின் காப்பித் தோட்டங்களில் 1888. விளையாட்டின் பெயரிலுள்ள 1800ஆம் ஆண்டில், கரும்பு விளைந்த கரீபியத் தீவுகள் பலவற்றில் பெரும்பான்மையோர் அடிமைகள். அவர்கள் சர்க்கரையை விளைவித்தது தங்கள் மகிழ்ச்சியை யாரோ பேணியதால் அன்று. பேண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால்தான் அந்தச் சர்க்கரை அவ்வளவு மலிவாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நம் வாதம் நிற்கிறது. அடிமையை விளையாட்டிலிருந்து நீக்கியது மறதியால் நேர்ந்ததன்று என்றே நாம் கருதுகிறோம். மகிழ்ச்சி அளவுகோலும் அடிமைத் தோட்டமும் ஒரே இயக்கத்தில் சேர்ந்து ஓடாது. ஒவ்வொரு வீட்டின் மேலும் முகக்குறி காட்டும் ஒரு முறையை அடிமைத் தோட்டத்தின் மேல் வைத்தால், எண் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடக்கும். ஆனால் உற்பத்தி ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது அந்த எண்ணுக்கு ஆட்டத்தில் பொருளில்லாமல் போகும். எண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் அடிமையைக் கூலியாளாக்க வேண்டும். அப்படித்தான் ஆக்கியிருக்கிறார்கள்.

அளவுகோல் சொல்லும் கதை ஒன்று உண்டு: நிலைமை சற்றே மேம்பட்டால் கலகம் தணியும். வரலாறு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அன்றைய பிரித்தானியக் காலனியாகிய டெமராராவில் (இன்றைய கயானாவின் பகுதி) 1823ஆம் ஆண்டில் நடந்தது அது. அடிமைமுறையை ஒழிக்காமலே அதை மென்மையாக்குவது என்று இலண்டன் அவ்வாண்டு முடிவு செய்தது. பெண்களைக் கசையால் அடிக்கக் கூடாது, வயலில் மேற்பார்வையாளர் சாட்டை ஏந்தக் கூடாது என்பன போன்ற அறிவுறுத்தல்கள் காலனிகளுக்கு அனுப்பப்பட்டன. நம் விளையாட்டின் மொழியில் சொன்னால், நகர்த்தியைச் சற்றே பின்னுக்கு இழுத்தார்கள். டெமராராவின் ஆட்சியாளர்களோ செய்தியை அடிமைகளுக்கு அறிவிக்காமல் வைத்திருந்தார்கள். செய்தித்தாளை மாற்றி அச்சிடுவதற்கு நிகரான செயல் இது. ஆனால் வீட்டுப் பணியாளர் வழியாகவும் தேவாலயக் கூட்டங்கள் வழியாகவும் செய்தி கசிந்தது. மன்னர் விடுதலை கொடுத்துவிட்டார், முதலாளிகள் மறைக்கிறார்கள் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். ஆகஸ்டு 18 அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்தார்கள். குவாமினா என்ற தச்சரும் அவர் மகன் ஜாக் கிளாட்ஸ்டனும் முன்னின்றவர்கள். எழுந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையரைக் கொல்லாமல் தொழுமரத்தில் பூட்டி வைத்தார்கள். அரசோ நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ஜான் ஸ்மித் என்ற மதபோதகருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1824 பிப்ரவரியில் அவர் சிறையிலேயே இறந்தார்.

சாட்டை குறையப்போகிறது என்ற செய்தி அங்கே அமைதியைத் தரவில்லை. சாட்டையே எதற்கு என்ற கேள்வியைத் தந்தது. எந்த மகிழ்ச்சி அளவுகோலிலும் இத்தகைய நிகழ்ச்சிக்கு இடமில்லை. சலுகை கொடுத்தால் எண் ஏறும். ஏறிய எண் கலகத்தைத் தடுக்கும் என்பதே விதி. ‘அன்னோ 1800’இல் ஒரு தீவின் அதிருப்தி அத்தீவோடு நிற்கிறது. ஹோர்னலேரோவும் கைவினைஞரும் ஒருவரையொருவர் அறிவதில்லை. செய்தி ஆடுபவரின் கையில் மட்டுமே இருக்கிறது.

அடிமைமுறையைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. டென்மார்க்கில் பள்ளி மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு கல்வி விளையாட்டில், ஆப்பிரிக்கர்களின் உடல்களை டெட்ரிஸ் கட்டைகளைப்போல் கப்பலில் அடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. 2015இல் கடும் கண்டனம் எழுந்த பிறகு அது நீக்கப்பட்டது. நல்ல நோக்கம் அதைக் காப்பாற்றவில்லை. ‘அன்னோ’வை வெளியிட்ட அதே யூபிசாஃப்ட் 2013இல் ‘ஃப்ரீடம் கிரை’ என்ற விளையாட்டையும் வெளியிட்டது. அதில் முன்னாள் அடிமையான அதேவாலே என்ற கறுப்பினத்தவர், பின்னாளில் ஹைட்டியாக மாறிய செந்தொமிங்குக் காலனியில் அடிமைகளை விடுவிக்கிறார். துணிச்சலான முயற்சிதான். ஆயினும் எத்தனை பேரை விடுவித்தோம் என்ற எண்ணிக்கை உயர்ந்தால்தான் சிறந்த ஆயுதங்கள் கிடைக்கும் என்று விதி வைத்தார்கள். விடுதலை பெற்றவரும் இறுதியில் ஒரு நாணயமாகவே எண்ணப்பட்டார். வடிவமைப்பாளர்களின் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் காட்டினால் இழிவாகிவிடும் என்ற அச்சம், காட்டாமலே சர்க்கரையை விற்பதற்கு உரிமம் ஆகாது.

நாட்கூலி என்ற அந்தப் பெயருக்குத் திரும்புவோம். அது நம்மவரையும் தொடுகிறது. அடிமைமுறை ஒழிந்த தோட்டங்களுக்கு அடுத்து வந்தவர்கள் விடுதலையுள்ள கூலியாட்கள் அல்லர், ஒப்பந்தக் கூலிகள். மொரீஷியசுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1853இல் பாண்டிச்சேரியிலிருந்து சென்றவர்கள் கரீபியத்தின் மார்த்தினிக் தீவில் இறக்கப்பட்டார்கள். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஆட்களுடன் டர்பனை அடைந்தது. அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அவர்களுக்குக் கூலி உண்டு, அரிசி உண்டு, குடியிருப்பு வரிசை உண்டு. அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியேறினால் சிறையும் உண்டு. ‘அன்னோ’வின் ஹோர்னலேரோவிடம் இருப்பதெல்லாம் அவர்களிடமும் இருந்தது, அடிப்படைத் தேவைப் பேரேட்டின்படி அவர்கள் வீடு நிரம்பியே இருந்தது. அவர்களைக் கட்டிப்போட்டது அந்தச் சீட்டு. எந்தப் பேரேட்டிலும் அதற்கு நிரல் கிடையாது, ஏனெனில் விளையாட்டில் எந்தக் கூலியாளும் தோட்டத்தைவிட்டு வெளியேற முயல்வதே இல்லை. வாழைக்காயும் போன்ச்சோவும் தீர்ந்தால் வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை குறையும். எங்கே போனார்கள் என்று யாரும் தேடுவதில்லை.

இவ்விளையாட்டைக் கணினியில் வைத்திருக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு புதிய உலகத் தீவில் ஹோர்னலேரோக்களுக்கு அடிப்படைப் பொருள்களை மட்டும் குறைவின்றிக் கொடுங்கள். ரம்மை நிறுத்துங்கள். கரும்புத் தோட்டங்களின் நகர்த்தியை உச்சத்துக்குத் தள்ளுங்கள். முதலில் உற்பத்தி உயரும். சற்று நேரத்தில் கலகம் எழும்; தீவட்டிகளுடன் ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். காவல் நிலையத்திலிருந்து படை ஒன்று ஓடிவந்து அடக்கும். தோட்டம் மீண்டும் ஓடத் தொடங்கும். அப்போது கலகம் எழுந்த தெருவில் ஒரு வீட்டின் மேல் சொடுக்கிப் பாருங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதாகத் திரையில் விரிவது, எந்தப் பொருள் குறைகிறது என்னும் பட்டியல்.